அரப்பு, சீயக்காய், நலங்கு மாவு

மார்ச் 2, 2024, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. நல்லெண்ணெய் தேய்த்து ஊறி, அரப்புப் போட்டுக் குளித்தாயிற்று. உசிலை மரத்து இலையை நிழலில் உலர்த்தி இடித்த பச்சைப் பொடி. எங்கள் கொங்குப் பக்கத்தில் சீயக்காய் விற்கிற கடையிலேயே கிடைக்கும். வீட்டில் வடிகஞ்சியில் குழைப்பதுதான் வழக்கம். சீயக்காய் எண்ணெயை மொத்தமாக உருவிவிடும், அரப்பு கொஞ்சம் விட்டுவைக்கும். வறண்ட முடிக்கு அதனால்தான் நான் அரப்புக் கட்சி. முடியில் ஒட்டும் இலைத்தூளை அலசுவதற்குள் இரண்டு பக்கெட் தண்ணீர் போய்விடுகிறது, அது வேறு கதை.

மார்ச் 4, திங்கள்

அம்மாவுக்குச் சீயக்காய்தான் வேண்டுமாம். 1 கிலோ சீயக்காய், கால் கிலோ பச்சைப்பயறு, 100 கிராம் வெந்தயம், விதை நீக்கிய பூந்திக்கொட்டை ஒரு கைப்பிடி. "மொளகா அரைச்ச மெஷின்ல போட்றாதீங்ணா" என்றேன். "சீயக்காய்க்குத் தனி மெஷினுங்க" என்றார் மில்காரர். தும்மல் மட்டும் தப்பவில்லை.

மார்ச் 9, சனி

"அக்கா, நுரையே வரலியே, அழுக்கு எப்படிப் போகும்?" என்கிறாள் தங்கை. சோப்புக்குப் பதில் உடம்பில் தேய்த்துக் குளிக்கும் நலங்கு மாவைத்தான் சொல்கிறாள். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் சேர்ந்தது. பயறு மாவு தோலின் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், கழுவும்போது அழுக்கும் கூடவே போகும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் சபோனின் என்ற நுரைக்கும் பொருள் இருப்பதால் நுரைக்கிறது, பயறுக்கு அந்த வேலை இல்லை. சோப்பு என்பது எண்ணெயும் காரமும் சேர்ந்து உண்டாவது. அதன் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) பெரும்பாலும் 9, 10 என்று இருக்கும், நம் தோலோ 5ஐ ஒட்டியது. குளித்த பிறகு முகம் இழுத்துப் பிடிப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதற்காகச் சோப்பையே வீட்டைவிட்டுத் துரத்தச் சொல்லவில்லை. கறி நறுக்கிய கைக்கும் கழிப்பறை போய்வந்த கைக்கும் சோப்புதான்.

மார்ச் 12, செவ்வாய்

ஏதோ வீடியோ பார்த்துவிட்டு எலுமிச்சையை முகத்தில் தேய்க்கக் கிளம்பினாள் தங்கை. பிடுங்கி வைத்துவிட்டேன். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகிக் கருந்தழும்பு விழலாம். இயற்கை என்று பேர் இருந்தால் எதையும் பூசலாமா? ரசத்துக்குப் பிழிந்தாயிற்று.

அப்புறம், நலங்கு மாவு டப்பாவில் யாரோ ஈரக்கையை விட்டிருக்கிறார்கள், ஓரமெல்லாம் கட்டி. பூஞ்சை பிடித்த மாவை முகத்தில் பூச முடியாது, கொட்டியாயிற்று. இனி வாரத்துக்கு வேண்டியது மட்டும் குளியலறையில், மிச்சம் கண்ணாடிப் புட்டியில் சமையலறை அலமாரியில்.