பூ மார்க்கெட் சிட்டையும் காவா ஸ்கீமும்

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் எழுதிக் கொடுத்த பில்லிங் மென்பொருள் ஜாவாவில் ஓடுகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து விடியற்காலையில் மல்லிகை வந்து இறங்கும். எடை, அன்றைய விலை, கமிஷன், கூலி, முன்பணத்தில் பிடித்தம் எல்லாம் பார்த்து விவசாயிக்குச் சிட்டை போட வேண்டும். விலை நேரத்துக்கு நேரம் மாறும். பிடித்தம் செய்யும் விதியோ ஆளுக்கு ஆள் வேறு. இதையெல்லாம் ஜாவாவுக்குள் எழுதி வைத்தால், விதி மாறும் ஒவ்வொரு முறையும் மென்பொருளையே மாற்றி அனுப்ப வேண்டும்.

அதனால் விதிகளைத் தனி ஸ்கிரிப்ட்டாக வைத்திருந்தேன், முதலில் ஜாவாஸ்கிரிப்ட்டில். ஜாவாவுக்குள் அதை ஓட்டிக்கொண்டிருந்த நாஸ்ஹார்ன் எஞ்சினை ஜாவா 15-இல் எடுத்துவிட்டார்கள். 17-க்கு மாறும்போது அந்த எஞ்சினையே தனி நூலகமாகச் சேர்த்திருக்கலாம். ஆனால் பணக்கணக்குக்கு எனக்கு ஸ்கீம் என்ற நிரல்மொழிதான் பிடித்திருந்தது. ஸ்கீமில் 1/3 என்பது 1/3 ஆகவே இருக்கும், தசமத்தில் சிதறாது. கமிஷனை 0.1 என்று எழுதாமல் 1/10 என்று எழுதினால் கடைசி வரை பைசா பிசகாது. ஜாவாவுக்குள் ஸ்கீமை ஓட்டக் காவா என்ற மென்பொருள் இருக்கிறது. ஸ்கிரிப்ட்டை, ஜாவா நிரல்கள் ஓடும் அதே பைட்கோடு வடிவத்துக்கே மாற்றி ஓட்டும். செயலி உருவாக்கும் கருவியான எம்ஐடியின் ஆப் இன்வென்டருக்கு உள்ளே இருப்பதும் இதுதான்.

உட்பொதிப்பதில் பெரிய சிரமம் இல்லை. ஸ்கீம் ஆப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கி, எடை, விலை போன்ற மதிப்புகளை என்விரான்மென்ட்டில், அதாவது பெயர்களும் மதிப்புகளும் இருக்கும் பட்டியலில், பெயரோடு போட்டு, ஸ்கிரிப்ட்டை இவால் செய்தால் (ஓட்டச் சொன்னால்) விடை வந்துவிடும். அந்த விடை ஜாவாவின் இன்டிஜராக வராது, காவாவின் சொந்த எண் வகையாக வரும். நம்பர் என்ற பொது வகையில் வாங்கிக்கொண்டால் போதும்.

உண்மையான வேலை அன்பவுண்ட் மாறிகளில்தான், அதாவது மதிப்பு எதுவும் கொடுக்கப்படாத பெயர்களில். ஸ்கிரிப்ட் கேட்கும் பெயர் என்விரான்மென்ட்டில் இல்லையென்றால் காவா அன்பவுண்ட்லொக்கேஷன்எக்ஸெப்ஷன் என்ற பிழையை எறியும். அதுவும் அந்த வரி ஓடும்போதுதான். இஃப் நிபந்தனை ஒன்றின் உள்ளே, விலை உச்சிக்கு ஏறும்போது மட்டும் ஓடும் கிளையில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால், சாதாரண நாளெல்லாம் சிட்டை ஒழுங்காக வரும். ஆவணி முகூர்த்தத்தன்று, கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில் நின்றுவிடும்.

இதற்கு ஒரு வழி கிடைத்தது. காவாவைக் கமாண்ட் லைனில் ஓட்டினால், அறிவிக்கப்படாத பெயர் ஒவ்வொன்றுக்கும் அது எச்சரிக்கை கொடுக்கும். ஆனால் ஜாவா கொடுக்கப்போகும் எடை, விலை எல்லாமே அதற்குத் தெரியாத பெயர்கள் என்பதால் எச்சரிக்கைகள் கொட்டும், நிஜப் பிழை அதில் மறைந்துபோகும். ஸ்கிரிப்ட்டின் தலையில் டிஃபைன்-வேரியபிள் போட்டு, வெளியிலிருந்து வரும் பெயர்களை மட்டும் வரிசையாக அறிவித்தேன். "இது ஓடும்போது வரும், கேட்காதே" என்று சொல்வது போல. அதன் பிறகும் எச்சரிக்கை வந்தால் அது பிழைதான். இப்போது எந்த விதியும் இந்தச் சோதனையைத் தாண்டாமல் கடைக்குப் போவதில்லை.

டிஃபைன்-வேரியபிளுக்கு ஆரம்ப மதிப்பும் தரலாம். முன்பணத்துக்கு 0 என்று வைத்துவிட்டால் பிழையே வராது என்று தோன்றும். நான் அப்படி வைக்கவில்லை. முன்பணம் இல்லாத விவசாயிக்கு ஜாவாவே 0 என்று அனுப்ப வேண்டும். மதிப்பு வராமல் போனால் சிட்டை நிற்க வேண்டும். தகவல் இல்லை என்பதும் பாக்கி இல்லை என்பதும் ஒன்றல்ல.

அதைவிட ஆபத்து, முந்தைய சிட்டையின் மதிப்பு அப்படியே தங்கிவிடுவது. ஆரம்ப மதிப்பு கொடுத்திருந்தாலும், பெயருக்கு ஏற்கெனவே மதிப்பு இருந்தால் காவா அதைத் தொடாது. சோதனையின்போது கணக்குப்பிள்ளைதான் கவனித்தார்: "தம்பி, முன்னாடி உள்ளவரு முன்பணத்தை இவருக்கும் பிடிச்சிருக்கு பாருங்க." உழைத்தவன் கைக்குப் போக வேண்டிய பணம் அது. அன்றிலிருந்து ஒவ்வொரு சிட்டைக்கும் பொது என்விரான்மென்ட்டிலிருந்து பிறக்கும் புது என்விரான்மென்ட்; சிட்டை முடிந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடுவேன். காவாவில் நடப்பு என்விரான்மென்ட் த்ரெட்டுக்குத் த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைச் சரடு) தனி என்பதால், வேலை செய்யும் த்ரெட்டிலேயே அதை அமைப்பதும் முக்கியம்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மாறி மட்டும் அடம்பிடித்தது. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருந்தேன், கணக்குப்பிள்ளையும் விதியைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக. 'தொகை' இல்லை என்று எக்ஸெப்ஷன் வந்தது. என்விரான்மென்ட்டை அச்சடித்தால் 'தொகை' கண்முன் இருக்கிறது. அப்புறம் எழுத்தெழுத்தாக யூனிகோட் எண்ணைப் பார்த்தபோதுதான் விளங்கியது. யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஸ்கிரிப்ட்டில் ஒன்றாக இருந்தது. பழைய எக்செல் கோப்பின் தலைப்பிலிருந்து ஜாவா எடுத்த பெயரில் இரண்டாக இருந்தது. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதைதான். ஜாவாவின் நார்மலைசரில், இப்படிப்பட்ட குறிகளை ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பிறகே இப்போது பெயர்களை உள்ளே விடுகிறேன், ஸ்கிரிப்ட் கோப்பையும் அப்படியே. தமிழில் மாறிப் பெயர் வைப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

எக்ஸெப்ஷனை ஸ்கிரிப்ட்டுக்குள் பிடிப்பதில்லை, ஜாவா பக்கம்தான் பிடிக்கிறேன். அதில் வரும் மாறியின் பெயரை எடுத்து, "இந்தச் சிட்டைக்குக் கூலி வரவில்லை, பார்த்துப் போடவும்" என்று திரையில் காட்டுகிறேன். மற்றவர்களின் சிட்டை நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்.