கல்லுளிமங்கனும் ஒரு கீபோர்டும்

மென்பொருள் நொறுங்கி விழுந்தால் எனக்குப் பெரிய கவலை இல்லை. விழும்போது ஒரு பிழை எண்ணையோ ஒரு கோப்பின் பெயரையோ உளறிவிட்டுத்தான் விழும். அதைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். உறைந்து நிற்கும் மென்பொருள்தான் கொடுமை. தட்டினாலும் திட்டினாலும் வாய் திறக்காது. என் பாட்டி இப்படிப்பட்ட ஆட்களைக் கல்லுளிமங்கன் என்பாள். போன மாதம் இரண்டு வாரம் ஒரு கல்லுளிமங்கனோடு குடித்தனம் நடத்தினேன்.

நாங்கள் ஐந்து பேர், ஓய்வு நேரத்தில் ஒரு புதிர் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். நான் நிரல் எழுதுகிறேன். எதுவும் ஓடவில்லை என்றால் கூப்பிடப்படுகிறவளும் நான்தான். விளையாட்டைக் கட்டுவதற்கு நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளான கேம் எஞ்சினின் புதிய பதிப்பு வந்தது. ஐந்து பேரும் ஒரே நாளில் நிறுவினோம். மூன்று கணினிகளில் சமர்த்தாகத் திறந்தது. படம் வரையும் தம்பியின் கணினியிலும் இசையமைக்கும் அண்ணனின் கணினியிலும் மட்டும் முகப்புப் படம் வந்து, சாளரத்தின் சட்டம் வந்து, பாதி மெனு வரைந்த நிலையில் நின்றுவிட்டது. சற்று நேரத்தில் சாளரம் வெளுத்து, தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்று வந்தது. எஞ்சினின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. படித்து முடித்தால் ஏன் என்று புரியும்.

அந்த வெளுத்த சாளரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது எஞ்சின் செய்யும் வேலை அல்ல, விண்டோஸ் செய்வது. மவுஸ் நகர்ந்தது, விசை அழுந்தியது, என்னை மறுபடி வரை என்பது போன்ற செய்திகள் ஒவ்வொரு சாளரத்துக்கும் வரிசையில் வந்து காத்திருக்கும். 5 வினாடி வரை யாரும் அந்த வரிசையை எட்டிப் பார்க்கவில்லை என்றால், விண்டோஸ் உண்மையான சாளரத்தை மறைத்துவிட்டு அதன் நிழல் போன்ற ஒன்றை முன்னால் நிறுத்தும். எனவே நாம் கோபத்தோடு சொடுக்கிக்கொண்டிருப்பது எஞ்சினை அல்ல, அதன் ஆவியை. உள்ளே இருக்கும் முதன்மை இழை (நிரலின் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டு போகும் முக்கியச் சரடு) எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டும்தான் இதிலிருந்து தெரியும். எங்கே என்று தெரியாது.

நான் உடனே கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தேன். எல்லோரும் அதைத்தான் சந்தேகிப்பார்கள். உறைந்த இரண்டு கணினிகளிலும் ஒரே நிறுவனத்தின் கார்டு வேறு. போதாக்குறைக்கு, எஞ்சின் தான் செய்வதைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பில் கடைசி வரி 'ஷேடர்கள் ஏற்றப்பட்டன' என்றிருந்தது. ஷேடர் என்பது படம் வரைய கிராபிக்ஸ் கார்டில் ஓடும் குட்டி நிரல். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று கைகளைத் தேய்த்துக்கொண்டேன்.

அதன்பின் செய்ததையெல்லாம் விரிவாக எழுத வெட்கமாக இருக்கிறது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தோம். பழைய டிரைவருக்குத் திரும்பினோம். டிரைவரை வேரோடு பிடுங்கிவிட்டு மறுபடி நிறுவினோம். எஞ்சின் கார்டோடு பேசும் வழியை வல்கனை விட்டு ஓபன்ஜிஎல்லுக்கு மாற்றினோம். ஷேடர் தேக்கத்தை அழித்தோம். திரையின் ஓரத்தில் பிரேம் எண்ணிக்கை காட்டும் துணை மென்பொருள்களை எல்லாம் அணைத்தோம். விண்டோஸ் பதிவேட்டில் டிடிஆர் காலக்கெடுவைக்கூட நீட்டிப் பார்த்தேன்.

இந்த டிடிஆர் விஷயத்தில் என் முட்டாள்தனம் தெளிவாகத் தெரியும் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். கிராபிக்ஸ் கார்டு ஒரு வேலையில் சிக்கி 2 வினாடிக்குமேல் பதில் தராவிட்டால், விண்டோஸ் அதைப் பிடித்து உலுக்கி மீட்டமைக்கும். திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். நிகழ்வுப் பதிவில் 4101 என்ற எண்ணோடு 'டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிக்காமல் நின்று மீண்டது' என்ற குறிப்பு விழும். கனமான ஷேடர்களோடு வேலை செய்கிறவர்கள் அந்த 2 வினாடியை 10 ஆக்கிக்கொள்வது உண்டு. எங்கள் கணினிகளில் திரை ஒருமுறைகூட இருளவில்லை. 4101 ஒன்றுகூட இல்லை. அதாவது கார்டு நிரபராதி என்பதற்கான சாட்சி முதல் நாளே மேசைமேல் இருந்தது. இருந்தும் காலக்கெடுவை நீட்டினேன். வாராத நோய்க்கு மருந்தின் அளவைக் கூட்டிய வைத்தியம் அது.

பதிவுக் கோப்பும் என்னை ஏமாற்றியது. ஏமாற்றியது என்பது தவறு, நான்தான் அதைத் தவறாகப் படித்தேன். பெரும்பாலான நிரல்கள் ஒரு வேலையை முடித்த பிறகே அதைப் பதிவு செய்யும். 'ஷேடர்கள் ஏற்றப்பட்டன' என்றால் ஷேடர் வேலை நல்லபடியாக முடிந்தது என்று பொருள். மாட்டிக்கொண்டது அதற்கு அடுத்த வேலை. அது முடியவே இல்லை, அதனால் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதுபோக, பதிவுகள் முதலில் நினைவகத்தில் சேர்ந்து பிறகு மொத்தமாக வட்டுக்குப் போகிற வழக்கமும் உண்டு. உறைந்த நிரலின் கடைசிச் சில வரிகள் கோப்புக்கு வந்தே சேராமல் போகலாம்.

நடுவில் ஒரு கிளைச் சந்தேகமும் வந்தது. இசையண்ணன் தன் விண்டோஸ் கணக்கின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறார். கோப்புப் பாதையில் ஆங்கிலம் அல்லாத எழுத்து வந்தால் தடுக்கி விழும் கருவிகள் இன்றும் உண்டு என்பதால் நெஞ்சு படபடக்க ஆங்கிலப் பெயரில் புதிய கணக்குத் தொடங்கினோம். அதிலும் உறைந்தது. தமிழ்மீது பழி விழவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

கடைசியில் கார்டையே மாற்றிப் பார்த்துவிடுவோம் என்று தம்பியின் கணினியை என் இடத்துக்குத் தூக்கிவரச் சொன்னேன். அவன் கார்டைக் கழற்றி என் கார்டைச் செருகினேன். எஞ்சின் திறந்தது. சந்தேகம் தீர அவனுடைய கார்டையே திரும்பப் போட்டேன். அப்போதும் திறந்தது! கார்டு சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கும், கழற்றி மாட்டியதில் சரியாகிவிட்டது என்று தீர்ப்பு எழுதி அனுப்பிவைத்தேன். அன்று இரவே தொலைபேசி வந்தது.

"அக்கா, மறுபடியும் உறைந்துவிட்டது. இந்தக் கணினிக்கு உங்கள் வீடுதான் பிடித்திருக்கிறது போல."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. பெட்டி அதே பெட்டி, வட்டு அதே வட்டு, கார்டும் அதே கார்டு. என் வீட்டில் ஓடுகிறது, அவன் வீட்டில் ஓடவில்லை. அப்படியானால் குற்றவாளி பெட்டிக்கு உள்ளே இல்லை.

மறுநாள் அவன் வீட்டுக்கே போனேன். இந்த முறை முதலில் செய்திருக்க வேண்டியதை முதலில் செய்தேன். எஞ்சின் உறைந்ததும் டாஸ்க் மேனேஜரில் அதன் சிபியு பயன்பாட்டைப் பார்த்தேன். 0 சதவீதம். பத்து நொடி பார்வையில் பாதிச் சந்தேகங்கள் கழிந்துபோயின. முடிவில்லாச் சுழலில் மாட்டிய நிரல் சிபியுவின் ஒரு மையத்தை (கோரை) முழுதாக விழுங்கும். 8 தருக்க மையங்கள் உள்ள கணினியில் 12 அல்லது 13 சதவீதத்தில் அசையாமல் நிற்கும். 0 என்றால் அது எதையும் செய்யவில்லை. யாருடைய பதிலுக்கோ காத்திருக்கிறது.

யாருடைய பதிலுக்கு என்று கேட்க ஒரு கருவி இருக்கிறது: பிராசஸ் எக்ஸ்ப்ளோரர். மார்க் ரஸ்ஸினோவிச் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்று. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்தக் கடையையே வாங்கிக்கொண்டது, கருவிகள் இன்றும் இலவசம். உறைந்த நிரலை அதில் திறந்து, இழைகளின் பட்டியலில் முதன்மை இழையைத் தேர்ந்தெடுத்து 'ஸ்டாக்' பொத்தானை அழுத்தினால், எந்தச் செயற்கூறு எதை அழைத்து எங்கே நிற்கிறது என்பது அடுக்காக வரும். கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். கீழே எஞ்சினின் தொடக்கம். அதற்குமேல் உள்ளீட்டு அமைப்பு. அதற்குமேல் டிஇன்புட்8. அதற்கும்மேல் ஹெச்ஐடி, அதாவது கீபோர்டு, மவுஸ் போன்ற கருவிகளோடு பேசும் பகுதி. உச்சியில் விண்டோஸின் உட்கருவான கெர்னலின் காத்திருப்பு. கிராபிக்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு பெயர்கூட அந்த அடுக்கில் இல்லை. இரண்டு வாரம்!

டிஇன்புட்8 என்பது டைரக்ட்இன்புட், 2000-இல் டைரக்ட்எக்ஸ் 8 உடன் வந்த பதிப்பு. பழைய ஜாய்ஸ்டிக், ஸ்டீயரிங் சக்கரம் போன்றவற்றுக்காக எஞ்சின்கள் அதை இன்னும் கைவிடவில்லை. கணினியில் என்னென்ன விளையாட்டுக் கருவிகள் உண்டு என்று அதனிடம் கேட்டால், அது செருகப்பட்டிருக்கும் யுஎஸ்பி கருவிகளின் கதவைத் தட்டி 'நீ யார்' என்று விசாரிக்கும். பதில் வரும்வரை கேட்டவர் காத்திருக்க வேண்டியதுதான்.

பதில் சொல்லாதது யார்? தம்பியின் மேசையைப் பார்த்தேன். மவுஸ், வரைபலகை, ஹெட்போன், பிறகு வானவில்லாக மின்னிக்கொண்டிருந்த ஒரு கீபோர்டு. ஒவ்வொன்றாகப் பிடுங்குவதாக முடிவு செய்தோம். எஞ்சின் உறைந்தபடியே இருந்தது. மவுஸ், ஒன்றுமில்லை. வரைபலகை, ஒன்றுமில்லை. கீபோர்டின் கம்பியை இழுத்த மறுகணம் வெளுத்த சாளரத்தில் நிறம் ஏறியது. மெனுவின் மறுபாதி வந்தது. எஞ்சின், எதுவுமே நடக்காதது போலத் திறந்துகொண்டது. தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். கேள்வி கேட்கப்பட்ட கருவியே இல்லாமல் போனதால் கோரிக்கை தோல்வி என்று திரும்பி வர, காத்திருந்த இழைக்கு விடுதலை கிடைத்தது.

கீபோர்டு எதற்கு விளையாட்டுக் கருவி விசாரணையில் வந்து நிற்கிறது? யுஎஸ்பி வழியாகச் செருகும் கருவி தான் என்ன வகை என்பதை எண்ணாலேயே அறிவித்துக்கொள்ளும்: 2 என்றால் மவுஸ், 4 ஜாய்ஸ்டிக், 5 கேம்பேட், 6 கீபோர்டு. ஒரே கருவி பல வேடமும் போடலாம். இந்த வண்ணக் கீபோர்டு தன்னை 6 என்றும் சொல்லி, வேறொரு முகத்தில் 4 என்றும் சொல்லிக்கொண்டது. சொல்லிவிட்டு, அந்த முகத்தின் பெயரைக் கேட்டால் மௌனம். விண்டோஸில் ஜாய்.சிபிஎல் என்று தட்டச்சு செய்தால் விளையாட்டுக் கருவிகளின் பட்டியல் திறக்கும். கீபோர்டைத் திரும்பச் செருகிவிட்டு அதைத் திறந்தோம். அந்தச் சாளரமும் திணறியது.

இசையண்ணனை அழைத்து என்ன கீபோர்டு வைத்திருக்கிறார் என்று கேட்டேன். "தம்பிதான் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தான். விளக்கெல்லாம் எரியும், அழகாக இருக்கும்" என்றார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கூரையைப் பார்த்தான்.

முந்தைய பதிப்பு மட்டும் எப்படி ஓடியது என்ற கேள்வி மிச்சம் இருந்தது. புதிய பதிப்பின் மாற்றக் குறிப்புகளைத் திரும்ப எடுத்துப் பொறுமையாகப் படித்தேன். எடிட்டரையே, அதாவது விளையாட்டைக் கட்டும் எஞ்சின் சாளரத்தையே, கேம்பேட் கொண்டு இயக்கலாம் என்று ஒரு வரி, நடுவில் பதுங்கிக் கிடந்தது. முன்பெல்லாம் விளையாட்டை ஓட்டும்போதுதான் கருவிகளைத் தேடும். இப்போது எடிட்டர் திறக்கும்போதே, அதுவும் முதன்மை இழையிலேயே தேடுகிறது. கீபோர்டு பொய் சொல்கிறது, எஞ்சின் அந்தப் பொய்யனிடம் வாசலிலேயே நின்று பதில் எதிர்பார்க்கிறது. இருவரில் யாராவது ஒருவர் ஒழுங்காக இருந்திருந்தாலும் இது நடந்திருக்காது. அதனால்தான் இருவர் பெயரையும் விட்டுவிட்டேன்.

எஞ்சின்காரர்களுக்கு எழுதினேன். முதல் பதில், கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தீர்களா என்று வந்தது. சிரித்துவிட்டேன், அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். டாஸ்க் மேனேஜரிலேயே நிரலின் மேல் வலச்சொடுக்கினால் அதன் நினைவகத்தை அப்படியே ஒரு கோப்பாக எடுக்க வழி இருக்கிறது. உறைந்த நேரத்தில் அப்படி எடுத்த கோப்பையும் அந்த அடுக்கையும் அனுப்பினேன். அதன்பின் பேச்சு வேறு மாதிரி ஆனது. நிரல் எழுதுகிற ஒருவரே பதில் எழுதினார், தேடலைத் தனி இழைக்கு மாற்றுவதாக.

அதுவரைக்கும் கீபோர்டைத் தூக்கிப்போடத் தம்பிக்கு மனம் வரவில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்தக் கீபோர்டின் விளையாட்டுக் கருவி முகத்தை மட்டும் முடக்கிவைத்தேன். எழுத்துகள் வழக்கம்போல் விழுகின்றன, விளக்கும் எரிகிறது, எஞ்சின் திறக்கிறது. ஒரே ஒரு சிக்கல்: இந்தக் கீபோர்டுக்குத் தனி வரிசை எண் கிடையாது. அதனால் வேறு யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று நினைத்து, முடக்கிய முகத்தை மறுபடி உயிர்ப்பித்துவிடுகிறது. இரண்டு கணினிகளின் பின்புறத்திலும் ஒரு துளையின் பக்கத்தில் 'இங்கே மட்டும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.