பஸ்ஸில் 240, விடைக்குறிப்பில் 216

2025 ஜனவரியில், பொறியியல் படிப்புக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதினேன். மதியம் 3 மணி ஷிஃப்ட். திருநெல்வேலிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் சென்டர். வேதியியலும் இயற்பியலும் முடித்துக் கணக்குக்கு வந்தபோது 75 நிமிடம் மிச்சம் இருந்தது. 25 கேள்விக்கு அது தாராளம் என்று நினைத்தேன். ஆனால் எந்தக் கணக்கும் லேசில் முடியவில்லை. வழி தெரிந்த மாதிரி இருக்கும், நாலாவது வரியில் வர்க்கமூலத்துக்குள் ஒரு நீளமான கோவை வந்து நிற்கும். 14 கேள்விகளுக்குத்தான் விடை கொடுத்தேன்.

பிளஸ் டூ தேர்வு என்றால் வினாத்தாள் நம்மோடு வீட்டுக்கு வரும். இதில் கேள்விகள் திரையோடு போய்விடும். ரஃப் தாள்களையும் வாசலில் பெட்டிக்குள் போட்டுவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஆக, விடை ஒப்பிடுவதெல்லாம் ஞாபகத்தை வைத்துத்தான்.

வெளியே அப்பா நின்றிருந்தார். "எப்படில எழுதுன?" என்றார். "மேத்ஸ் கஷ்டம்ப்பா" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

தென்காசி பஸ்ஸில் எங்கள் பள்ளிப் பையன்கள் மூன்று பேரும், இரண்டாவது தடவை எழுதுகிற ஒரு அண்ணனும் ஏறினார்கள். பேட்டை தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. "அந்த 3-ஆல் வகுபடுற கணக்கு உனக்கு எவ்வளவு வந்துச்சு?" 0 முதல் 5 வரையுள்ள இலக்கங்களை, ஒன்றை இரண்டு முறை எடுக்காமல், 3-ஆல் வகுபடும் ஐந்திலக்க எண்கள் எத்தனை அமைக்கலாம் என்பது கேள்வி. நான் 216 என்றேன். மற்ற நாலு பேரும் 240 என்றார்கள். "இலக்கங்களோட கூட்டுத்தொகை 3-ஆல வகுபடணும்னா 0-வையோ 3-ஐயோ விடணும். ரெண்டு வகை, ஒவ்வொன்னுக்கும் 120. அவ்வளவுதான தம்பி" என்றார் அண்ணன். அவர் சொன்ன வேகத்தில் எனக்கு என் வழியே மறந்துவிட்டது. ஏதோ தப்பாகக் கழித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பரப்பளவு. y² = 4x என்ற பரவளையத்துக்கும் y = 2x − 4 என்ற கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதி. எண்ணாகவே விடை தர வேண்டிய கேள்வி. எனக்கு 19/3 வந்தது. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றச் சொல்லியிருந்ததால், திரையில் இருந்த எண்பலகையில் மவுஸை வைத்து 6-ஐ அழுத்தியிருந்தேன். பக்கத்தில் இருந்தவன் 9 என்றான். நோட்டின் கடைசிப் பக்கத்தில், பஸ் குலுங்கக் குலுங்க, படம் வரைந்து காட்டினான். கோடு பரவளையத்தை x = 1-லும் x = 4-லும் வெட்டுகிறது. நான் 1-லிருந்து 4 வரை மட்டும் தொகையிட்டிருக்கிறேன். 0-லிருந்து 1 வரை, பரவளையத்தின் மூக்கு மாதிரி ஒரு துண்டு, அதில் 8/3 இருக்கிறது. 19/3-உடன் அதைக் கூட்டினால் சரியாக 9. "y-ஐ வச்சுப் போட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லல, −2-லிருந்து 4 வரை ஒரே தொகையீடு" என்றான். வயிற்றில் ஏதோ இறங்கியது. ஆனாலும் அந்தப் படம் அப்படியே மனதில் பதிந்துவிட்டது.

ஆலங்குளம் வருவதற்குள் கணக்கு மதிப்பெண்ணை மட்டும் கூட்டிப் பார்த்தேன். சரியென்றால் 4, தவறென்றால் 1 கழியும். 8 சரி, 6 தவறு, மொத்தம் 26. இரவு சாப்பிடவில்லை. அம்மா தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. அதை ஒப்பிடுவதே ஒரு வேலை. நம் விடைத்தாளில் 'தேர்ந்தெடுத்தது 3' என்று இருக்கும். விடைக்குறிப்பிலோ ஒவ்வொரு விடைக்கும் ஒரு நீண்ட அடையாள எண்தான் இருக்கும். மூன்றாவது விடையின் அடையாள எண் எது என்று பார்த்து, அதோடு ஒப்பிட வேண்டும். அப்பா எண்களை வாசிக்க வாசிக்க நான் டிக் போட்டேன். வகுபடுகிற கணக்கு வந்ததும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். 216-தான் சரி. 3-ஐ விட்டுவிட்டு 0-வை வைத்துக்கொண்டால், 0 முதல் இலக்கமாக வரும் 24 எண்களைக் கழிக்க வேண்டும். 120-உம் 96-உம் சேர்ந்து 216. பரீட்சை அறையில் நான் இதைத்தான் செய்திருந்தேன். பஸ்ஸில் நாலு பேர் ஒரே குரலில் சொன்னதும் அதைச் சொல்லக்கூட வாய் வரவில்லை.

கடைசியில் 12 சரி, 2 தவறு, 46 மதிப்பெண். பரப்பளவில் மட்டும் பஸ்ஸில் படம் வரைந்தவன் சொன்னதே நடந்தது, விடை 9.

ஏப்ரலில் இரண்டாவது முறை எழுதியபோது பஸ்ஸில் யாரிடமும் எண் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், ஞாபகம் இருந்த கேள்விகளையும் நான் போட்ட வழியையும் முதலில் எழுதி வைத்தேன். 11 கேள்விகள் தேறின. அப்புறம்தான் பஸ்ஸில் படம் வரைந்து காட்டிய அந்த நண்பனுக்கு போன் போட்டேன். மூன்றில் விடை வேறுபட்டது. "நீ எப்படிப் போட்டனு முதல்ல சொல்லு, விடைய அப்புறம் பாப்போம்" என்றேன். மணி பத்தரை வரை பேசினோம்.