எரிந்த சரிவில் எந்த மழை முதலில்?

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், சாப்டூர் மலைப்பக்கம் வனத்துறையில் வேலை பார்க்கிறேன். தீயை அணைப்பதோடு எங்கள் வேலை முடிவதில்லை. எரிந்த சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தால்தான் காடு மீளுமா என்று தெரியும்.

இது மழைமறைவுப் பக்கம். தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் கேரளப் பக்கமே கொட்டிவிடும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் வாழ்வு. காடு எரிவதோ மாசி, பங்குனியில். நடுவில் வரும் சித்திரை, வைகாசிக் கோடைமழையைத்தான் நான் கவலையோடு பார்ப்பேன்.

எரிந்த இடத்தில் சாம்பலை விலக்கித் தண்ணீர் ஊற்றினால், சில இடங்களில் சேம்பிலையில் நிற்பதுபோல் மண்மேல் உருண்டு நிற்கும். சருகிலுள்ள மெழுகுப்பொருள் சூட்டில் ஆவியாகி மண்ணுக்குள் படிந்துவிடுவதுதான் காரணம். அதன்மேல் எடுத்த எடுப்பில் பெருமழை அடித்தால் சாம்பலோடு மேல்மண்ணும் ஓடைக்குப் போய்விடும். "கோடையில நாலு தூத்தல் விழுந்து புல்லு பிடிச்சிருச்சுன்னா, அப்புறம் எந்த மழைக்கும் மண்ணு அசையாது சார்" என்பார் எங்கள் தீத்தடுப்புக் காவலர் ஒருவர். ஆண்டு மழையளவை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது.

கரிந்த வெக்காலி மரத்தின் அடிப்பட்டையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். வேர் உயிரோடிருந்தால் நல்ல மழைக்குப் பிறகு தூரிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். விதையில் முளைத்த கன்றுக்கு அந்த வசதி இல்லை. தையில் மண் காய்வதற்குள் வேர் ஆழம் போயாக வேண்டும். 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட ஆண்டில் காட்டைக் காப்பது பழைய வேர்கள்தான். ஆகவே, எரிந்த கையோடு குழி வெட்டிக் கன்று நடலாம் என்று யார் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவேன். துளிர்க்கவிருக்கும் தூரை மண்வெட்டி வெட்டிவிடும். ஆடுமாடு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வதே பெரிய உதவி.

மழை நன்றாகப் பெய்தாலும் எனக்கு நிம்மதியில்லை. போதைப்புல் என்னும் மலைப்புல் ஆளுயரம் வளர்ந்து மாசியில் காய்ந்து நிற்கும். மீண்டும் தீ பிடித்தால் முழங்கால் உயரத் துளிர்கள் தப்பாது. அதனால், மழை கொட்டித் தீர்த்த ஆண்டுக்கு அடுத்து வரும் தையில்தான் தீத்தடுப்புக் கோடுகளை, அதாவது தீ தாண்டாதபடி புல்லை அகற்றிய பட்டைகளை, இன்னும் அகலமாக வெட்டச் சொல்லி ஆட்களிடம் மன்றாடுகிறேன்.