கரையும் மாத்திரையும் விறகடுப்பும்

ஜனவரி 5, காரைக்குடி
நெஞ்சு டாக்டர் அப்பத்தாவுக்குப் புது மாத்திரை எழுதியிருக்கிறார். அசிட்டைல்சிஸ்டீன், 600 மில்லிகிராம், காலையும் இரவும். அரை டம்ளர் தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று நுரைத்துக் கரைகிறது. கூமுட்டை வாடை. “இதையா குடிக்கச் சொல்றே?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கந்தகம் உள்ள மருந்து, வாடை அடிக்கத்தான் செய்யும். அந்தக் கந்தகம்தான் சளியின் பிசுபிசுப்பை அறுத்து இளக்குகிறது. போதாததற்கு, புகையின் சேதத்திலிருந்து நுரையீரலைக் காக்க உடம்பே செய்துகொள்ளும் குளூட்டாதையோன் என்ற ஆன்டிஆக்சிடன்ட்டுக்கும் இதுவே மூலப்பொருள்.

அப்பத்தா பீடி, சுருட்டு தொட்டதில்லை. கல்யாண வீடுகளுக்கு மனகோலமும் சீப்புச்சீடையும் சுட்டே அப்பாவைப் படிக்கவைத்தவர். அத்தனையும் விறகடுப்பில். சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வர அந்தப் புகை போதும்.

ஜனவரி 8
இந்த மாத்திரை பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 2005இல் ஐரோப்பாவில் தினம் 600 மில்லிகிராம் வீதம் மூன்று வருடம் கொடுத்தும் நுரையீரல் தேய்வது மட்டுப்படவில்லை. 2014இல் சீனாவில் தினம் 1,200 மில்லிகிராமாகக் கொடுத்தார்கள், இளைப்பு திடீரென முற்றுவது குறைந்தது. அதே அளவை ஆரம்பநிலை நோயாளிகளுக்குக் கொடுத்த 2024 ஆய்வில் சொல்லும்படி பலன் இல்லை. போன மூச்சை இது திருப்பித் தராது. ஆனாலும் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுப்பது தப்பினால் எங்களுக்கு அதுவே பெரிசு. ஐப்பசி அடைமழையில் அவர் உட்கார்ந்தபடியே தூங்கியதைப் பார்த்தவள் நான்.

ஜனவரி 11
தேவகோட்டைப் பெரியப்பா ஒரு டப்பா கேப்ஸ்யூலோடு வந்தார். “இதுவும் ஆன்டிஆக்சிடன்ட்தான்த்தா, நானும் சாப்பிடுறேன்.” லேபிளைப் பார்த்தேன்: பீட்டா கரோட்டின். பெரியப்பா சிகரெட் பிடிப்பவர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடியது. 1994இலேயே வெளிவந்த முடிவு. சொன்னதும் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜனவரி 15, பொங்கல்
நடுமுற்றமான வளவில் விறகு மூட்டித்தான் பொங்கல். அப்பத்தாவை முகப்பில் உட்காரச் சொன்னோம். “நான் இல்லாம எந்தப் பொங்கல் பொங்குச்சு?” என்று கோபித்துக்கொண்டார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் புகைக்குப் பக்கத்தில் உட்காரவைத்து மாத்திரை கொடுப்பதில் என்ன பிரயோஜனம்?

ஜனவரி 19
சளி சுலபமாக வருகிறது என்கிறார். இன்ஹேலரை அழுத்தும் நேரத்தில் மூச்சை இழுக்கத் தெரியாமல் பாதி மருந்து தொண்டையிலேயே நின்றிருக்கிறது. இப்போது ஸ்பேசர் என்ற குழாயை அதில் மாட்டிக் கொடுக்கிறேன். முக்கிய வைத்தியம் இன்ஹேலர்தான், மாத்திரை அப்புறம்தான்.

பெரியப்பா போன் செய்தார். கேப்ஸ்யூலை நிறுத்திவிட்டாராம், சிகரெட்டை இன்னும் இல்லை. அடுத்த வாரம் அப்பத்தாவோடு அவரையும் ஊதிப்பார்க்கும் டெஸ்டுக்குக் கூட்டிப்போகிறேன்.