முக்கோணமாக மடித்த காகிதம்

ஜப்பானில் ஹோட்டல் கழிப்பறைக்குள் நுழைந்தால் டாய்லெட் பேப்பரின் நுனி முக்கோணமாக மடித்திருக்கும். கொகுரா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நீங்கள் தங்கியிருந்தால், அதை மடித்தது நானாகக்கூட இருக்கலாம். அந்த நிலையம் இருக்கும் கிட்டாக்யூஷு நகரில் முதுகலை படிக்கிறேன். மாணவர் விசாவில் இருப்பவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் பகுதிநேர வேலை பார்க்கலாம். என்னுடைய மணிகளில் பெரும்பகுதி பிறர் குளித்துவிட்டுப் போன குளியலறைகளில் கழிகிறது.

அந்த மடிப்பைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அது வேலையின் கடைசிப் படி. தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முடி ஒன்றுகூட இல்லை என்று குனிந்து பார்த்து, கையுறையைக் கழற்றிக் கை கழுவிய பிறகுதான் பேப்பரைத் தொட வேண்டும். பின்னால் சரிபார்க்க வருபவர் கதவைத் திறந்ததும் முக்கோணத்தைப் பார்ப்பார். சரி, இந்த அறை முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், வேலைக்காரர்களின் இந்த அடையாளத்தைச் சிலர் நாகரிகமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். தாங்கள் போய்விட்டு வெளியே வரும்போது, அடுத்து வருபவருக்கு மரியாதை என்று மடித்து வைக்கிறார்கள். இங்கேயே இதற்கு எதிர்ப்பு உண்டு. இன்னும் கழுவாத விரலால்தானே மடிக்கிறார்கள்! எங்கள் குழுவை நடத்தும், எழுபதை நெருங்கும் அம்மாள் இதில் ரொம்பக் கண்டிப்பு. "சுத்தம் செய்தவர் மடிக்கலாம், உட்கார்ந்தவர் மடிக்கக் கூடாது" என்பார். நானும் அவர் கட்சிதான்.

பேப்பர் விஷயத்தில் எங்களுக்கு இருக்கும் இன்னொரு வேலை குப்பைக் கூடை. வெளியூர் விருந்தினர் சிலர் பயன்படுத்திய பேப்பரைச் சுருட்டிக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். அவர்கள் நாட்டில் உள்ளே போட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும் என்று பழகியவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜப்பானில் நிலைமை நேரெதிர். டாய்லெட் பேப்பர் கழிப்பறைக்குள்ளேயே போக வேண்டும் என்பதற்காகவே செய்யப்படுகிறது. இந்நாட்டின் தொழில் தரவிதியில் அதன் அகலம் 114 மில்லிமீட்டர் என்று குறித்திருக்கிறார்கள். தண்ணீரில் போட்டுக் கலக்கினால் 100 விநாடிக்குள் நாராகப் பிரிந்துவிட வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. பொதுக் கழிப்பறையில் பெண்கள் பக்கம் சின்னக் கூடை ஒன்று மூடியோடு இருக்கும், அது நாப்கினுக்கு மட்டும். பெட்டியில் வரும் முகம் துடைக்கும் டிஷ்யூ வேறு ஜாதி. ஈரத்தில் கிழியாமல் இருப்பதுதான் அதன் பெருமை, அதனால் அதை உள்ளே போட்டால் அடைப்பு நிச்சயம். ரயில் நிலைய வாசலில் விளம்பரம் வைத்து இலவசமாக நீட்டுகிறார்களே, அந்தச் சின்னப் பொட்டலங்களிலும் பெரும்பாலும் இந்த வகைதான்.

இவ்வளவு பேப்பர் பேசும் நாட்டில் துடைக்கும் வேலை தண்ணீருக்கு மாறியது இதே ஊரிலிருந்துதான். கழிப்பறைச் சாதனங்கள் செய்யும் டோட்டோ நிறுவனம் 1917இல் கொகுராவில் தொடங்கியது. அதன் அருங்காட்சியகமும் இங்கேதான் இருக்கிறது, மழை நாளில் போகத் தோதான இடம். பீய்ச்சிக் கழுவும் இருக்கைகளை முதலில் அமெரிக்காவிலிருந்து இறக்குமதி செய்தார்கள், அவை மருத்துவத் தேவைக்காக உருவானவை. சொந்தமாகச் செய்யத் தீர்மானித்தபோது, தண்ணீர் சரியாக எங்கே படவேண்டும் என்பதற்குக் கையில் அளவுக் குறிப்பு கிடையாது. கடைசியில் நிறுவன ஊழியர்களையே உட்காரச் சொல்லி அளவெடுத்தார்களாம். சுமார் 300 பேர். வெட்கப்பட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! தண்ணீர் 38 டிகிரிச் சூடு, பீய்ச்சும் கோணம் 43 டிகிரி. பட்டுத் தெறிக்கும் நீர் மறுபடி குழாய் முனையிலேயே விழாமலிருக்கத்தான் அந்தக் கோணம். 1980இல் வாஷ்லெட் என்ற பெயரில் அந்த இருக்கை கடைக்கு வந்தது.

1982இல் வந்த தொலைக்காட்சி விளம்பரம் இன்னும் பேசப்படுகிறது. கை அழுக்கானால் கழுவுகிறீர்கள், பேப்பரால் துடைத்துவிட்டுப் போவதில்லை, பின்புறமும் அப்படித்தானே என்று ஒரு நடிகை கேட்பார். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒளிபரப்பியதால் புகார்கள் குவிந்தன. தண்ணீரிலேயே வளர்ந்த எனக்கு இந்த வாதத்தை விளம்பரம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்ததே ஆச்சரியம். ஆனால் இன்று ஜப்பானில் பத்துக்கு எட்டு வீடுகளில் இந்த இருக்கை உண்டு. பேப்பருக்கு மிச்சமிருப்பது ஈரத்தை ஒற்றி எடுக்கும் வேலை மட்டுமே. தேய்க்க வேண்டியதில்லை, ஒற்றினால் போதும்.

ஹோட்டல் குளியலறையை மட்டும் பார்த்துவிட்டு ஜப்பானியக் குளியலறை இதுதான் என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. தொட்டி, முகம் கழுவும் பேசின், கழிப்பறை மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடக்கியது அவசரத்தில் பிறந்த யோசனை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால் ஹோட்டல் நியூ ஒட்டானியின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளை முடித்தாக வேண்டியிருந்தது. ஓடு பதிக்க நேரமில்லை. தொழிற்சாலையில் குளியலறையைப் பாகம் பாகமாகச் செய்து, கொண்டுவந்து பொருத்தினார்கள். கழுவுகிற எனக்கு அந்தக் கூடு பிடிக்கும், இடுக்கே இல்லை, துணி எங்கும் சிக்காது.

வீடுகளில் மூன்றும் தனித்தனி. கழிப்பறை ஒரு கதவுக்குப் பின்னால், அதற்கென்று செருப்பும் தனி. பல வீடுகளில் தண்ணீர்த் தொட்டியின் தலையிலேயே ஒரு சின்னக் குழாய் இருக்கும். ஃப்ளஷ் செய்ததும் நீர் அதன் வழியாக வரும், கை கழுவிய அந்த நீர் அடுத்த முறைக்குத் தொட்டியில் நிறையும். இவ்வளவு எளிய ஏற்பாட்டை நான் வேறெதிலும் பார்த்ததில்லை. குளியலறையில் தொட்டிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுசாகக் குளித்துவிட்டுத்தான் வெந்நீரில் இறங்க வேண்டும். வீட்டில் எல்லோரும் அதே நீரில்தான் இறங்குவார்கள் என்பதால் அழுக்கோடு போக முடியாது. எல்லோரும் முடித்த பிறகு அந்த நீரைச் சின்ன பம்பு வைத்து வாஷிங் மெஷினுக்கு ஏற்றுகிறவர்களும் உண்டு.

வாடகை வீடு தேடும் தளங்களில் குளியலறையும் கழிப்பறையும் தனியாக இருக்கும் வீடுகளை மட்டும் காட்டச் சொல்லலாம். நான் அதில் குறி போடவில்லை, காரணம் வாடகை. ஆக, நாளெல்லாம் துடைக்கும் அதே கூட்டின் சின்னப் பதிப்பில்தான் நானும் குளிக்கிறேன். திரையைத் தொட்டிக்குள் விட்டாலும் ஆவியில் பேப்பர் நமத்துப் போகும். குளிக்கப் போகும் முன் உருளையைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும்.

1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது பேப்பர் தீர்ந்துவிடும் என்ற வதந்தியில் ஒசாகா பக்கம் சென்ரி நியூ டவுனில் கடை முன் வரிசை நின்றது. அது நாடு முழுக்கப் பரவியது. கொரோனா பரவிய 2020 பிப்ரவரியிலும் அதே கூத்து, இத்தனைக்கும் இங்கே விற்பதில் பெரும்பாலானவை உள்நாட்டில் செய்தவை. ஆனால் ஒரு பயத்தில் அர்த்தமுண்டு. மொத்த உற்பத்தியில் சுமார் நாற்பது சதவீதம் ஷிசுவோகா மாகாணத்திலிருந்து வருகிறது, பெரும் நிலநடுக்கம் எதிர்பார்க்கப்படும் பகுதி அது. அதனால் ஒரு மாதத்துக்கான பேப்பரை வீட்டில் வைத்திருங்கள் என்று பொருளாதார அமைச்சகமே சொல்கிறது. எங்கள் குழுவை நடத்தும் அம்மாள் இதையும் வேலை விதிபோல எனக்குச் சொல்லிவிட்டார். குளியலறையில் வைத்தால் நமத்துவிடும் என்பதால், என் ஒரு மாதம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.