சூரியன் எவ்வளவு பெரியது?

பாடநூல்களில் வரும் சூரியக் குடும்பப் படங்கள் எல்லாக் கோள்களையும் ஒரே பக்கத்தில் நெருக்கி அடைத்துவிடுவதால், சூரியனின் உண்மையான அளவு நம் மனத்தில் பதிவதே இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். அதன் விட்டம் ஏறத்தாழ 13.9 லட்சம் கிலோமீட்டர்; ஒரு முனையிலிருந்து மறுமுனையை எட்ட 109 பூமிகளை வரிசையாக அடுக்க வேண்டும். சூரியனை ஒரு மீட்டர் விட்டமுள்ள பந்தாகச் சுருக்கினால், பூமி ஒரு பட்டாணி அளவில் 107 மீட்டர் தள்ளி நிற்கும்; நெப்டியூனைத் தேடி மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். இந்த விகிதத்தில் எந்தப் பாடநூலாலும் படம் அச்சிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அளவைவிட என்னை வியக்க வைப்பது நிறைதான். சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் சுமார் 99.86 விழுக்காடு சூரியனிடமே இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பங்கு வியாழனுடையது. அந்த வியாழனையும் அலட்சியப்படுத்திவிட முடியாது. நுணுகிப் பார்த்தால், அது சூரியனின் மையத்தைச் சுற்றுவதில்லை. இரண்டும் சேர்ந்து, அவற்றின் நிறைகள் சமன்படும் புள்ளியான ஒரு பொது நிறைமையத்தைச் சுற்றுகின்றன, அந்தப் புள்ளியோ சூரியனின் மையத்திலிருந்து ஏறத்தாழ 7.4 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், அதன் மேற்பரப்புக்குச் சற்று வெளியே அமைகிறது. இதனால் சூரியனும் மெல்லத் தள்ளாடுகிறது. வேற்று விண்மீன்களிடம் தென்படும் இத்தகைய மெல்லிய தள்ளாட்டத்தைக் கொண்டுதான், 1995-இல் 51 பெகாசி விண்மீனின் கோள் உட்பட, கண்ணுக்குப் புலப்படாத பல கோள்களை வானியலாளர்கள் கண்டறிந்தார்கள்.